எந்தப் பத்து

மாதத்தின் முதல் செவ்வாய், பகல் ஒன்றரை.
தன்னாமுனை மடத்துச் சாப்பாட்டறையில்
முள் ஒதுக்கிய பீங்கான்களைத் தள்ளிவிட்டு
மடிக்கணினியைத் திறப்பேன்.
பெல்ஜியத்தில் அப்போது காலை பத்து.
சகோதரி கோட்லீவ், வயது எண்பத்திரண்டு,
கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டிச்
செபம் தொடங்குவார்.

ஒரே சபை, ஒரே ஒழுங்குப் புத்தகம்.
ஒரு தாய் பிள்ளைகள் என்று
எல்லா அறிக்கையின் தலைப்பிலும் அடிக்கிறோம்.
காசு அங்கிருந்து வரும்.
கணக்கு இங்கிருந்து போகும்.
எங்கள் டெல்சியா போனாள், இருபத்தாறு வயது,
அங்கே படுக்கையிலிருக்கும் சகோதரிகளைக் குளிப்பாட்ட.
அது ஒரு கணக்கிலும் ஏறவில்லை.
என் ஆங்கிலம் கல்லடியின் பழைய பாலம் மாதிரி.
ஆள் நடக்கலாம், பாரம் ஏற்றக் கூடாது.

மூன்றாவது சதுரத்தில் பெரு நாட்டு எடெல்மீரா.
எப்போதும் இருட்டு.
கம்பளிப் போர்வை, அதற்குள் ஒரு மூக்கு,
பக்கத்தில் யாரோ உறங்குவதுபோலத் தாழ்ந்த குரல்.
வைகாசிக் கூட்டக் குறிப்பில் நானே எழுதினேன்:
"பெரு: வெளிச்சக் குறைபாடு."
கோட்லீவ் அன்றே ஐம்பது யூரோ ஒதுக்கினார்
பல்புக்கு.
எடெல்மீரா நன்றி சொன்னாள். ரசீதும் அனுப்பினாள்.
ஆனியிலும் இருட்டு.

அன்றைக்குத்தான், கறண்ட் போய் வந்த இடைவெளியில்,
விரல் மடித்து எண்ணினேன்.
அவளுக்கு அது விடியப்புறம் மூன்று.
இரண்டு வருசமாக மூன்று மணிக்கு எழும்பி,
நாய் குரைக்காமல் கதவு திறந்து,
மற்றவர்கள் விழிக்காதபடி விளக்கைப் போடாமல்,
சேர்ந்து பணியாற்றுவது எப்படி என்று
எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.
பத்து மணி என்று எழுதியிருந்தது,
எந்தப் பத்து என்று கேட்பது
மரியாதையில்லை என நினைத்தேன், என்றாள்.
கோட்லீவ் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டையும்.
ஒருவரும் பேசவில்லை.
அந்த மௌனத்துக்கும் டேட்டா ஓடியது.

மறுகா முடிவாயிற்று, இனிமேல் பெருவின் பத்து.
கோட்லீவின் மாலைச்செபம் தள்ளிப்போகும்.
எனக்கு இரவு எட்டரை.
நான் கேட்டுத் திருத்தினேன் என்ற சின்னப் பெருமை
ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டு
பனிச்சங்கேணிப் பாலம் வரைக்கும் வந்தது.

அங்கே, நுண்கடன்காரர் கதவு தட்டும் வீட்டுப்
பெண்களின் வட்டம்.
பதிவில் முப்பத்தொரு பேர், வருவது ஒன்பது.
"அக்கறை குறைவு" என்று
போன அறிக்கையில் அடித்து அனுப்பியிருக்கிறேன்.
புவனமலர் கையில் இறால் நாற்றத்தோடு
நிலத்தில் குந்தினாள்.
"சிஸ்டர், கோபிக்கப்படாது..."
"சொல்லுகா, சொல்லு," என்றாள் பின்னால் ஒருத்தி.
"நீங்க பத்து மணிக்கு வரச் சொன்னா
எங்கட நாட்கூலி போகுது.
கடனைப் பற்றிக் கதைக்க வந்து
இன்னொரு நாளைக்குக் கடன் ஏறுது."

இவளாவது கேட்டாள்.

இப்போது பொழுதுபட்ட பிறகுதான் கூட்டம்.
நுளம்புத்திரி, மடிகளில் உறங்கும் பிள்ளைகள்,
யானை வந்தால் கொளுத்த ஒரு வெடி.
வருகிறவர்கள் இருபத்திரண்டு பேர்,
சிலவேளை பத்தொன்பது.
கடன் குறையவில்லை.

ஆடியின் முதல் செவ்வாய் அங்கேயே இருட்டிவிட்டது.
கோயில் சாமான் அறையில், சுருட்டிய பாய்களுக்கும்
பெருநாள் கொடிச்சீலைகளுக்கும் நடுவே
போனைத் திறந்தேன்.
எடெல்மீராவின் ஜன்னலில் வெயில்.
தாடையில் ஒரு மச்சம் இருக்கிறது அவளுக்கு.
என் சதுரம்தான் இப்போது கறுப்பு.

பல்பு வேண்டுமா, என்று கேட்டார் கோட்லீவ்.
பகிடியா, உண்மையாகவே கேட்டாரா,
சிக்னல் விட்டு விட்டு வந்ததில்
பிடிபடவில்லை.